நான்கு முழமும் ஒரு முழமும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, சிராவக சிராவகியர்களாகிய உங்களுடன் இவ்விதழில் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் பொருள் மூக்குக்கண்ணாடி. தத்துவமும் புராணமும் பேசும் பக்கத்தில் கடையில் வாங்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த முதற்பாடம். நாள்தோறும் மூக்கின்மேல் ஏற்றி இறக்கும் பொருளைவிட நம் வயதினர்க்கு நன்கு தெரிந்தது வேறென்ன? அதிலிருந்தே தொடங்குவோம்.

வெள்ளெழுத்தும் வினையும்

நாற்பது வயதை ஒட்டி, கையில் உள்ள ஏட்டை எட்டப் பிடித்துப் படிக்கும் நிலை வருகிறது. இதனை முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசுரம் என்னும் சொல்லும் நம் வீடுகளில் வழங்கியது; நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ச்சி உடையது. தொலைவில் உள்ளதைக் காண மெலிந்தும், அருகில் உள்ளதைக் காணப் பருத்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி, அவ்வாற்றலை இழக்கிறது. இது நோயன்று, மூப்பின் இயல்பு. அரசனாயினும் ஆண்டியாயினும் இது வந்தே தீரும்.

இதைப் பற்றி நம்மவரிடையே இரண்டு தவறான கருத்துகள் உள்ளன. முதலாவது: கண் மங்குதல் முன்வினைப் பயன், அதை அனுபவித்தே கழிக்க வேண்டும், கண்ணாடி எதற்கு என்பது. பசியும் அசாதா வேதனீயத்தின் உதயமே அன்றோ? அதற்காக நாம் அடுப்பு மூட்டாமல் இருக்கிறோமா? வினை தன் பயனைத் தருவது பொருள், இடம், காலம், உள்ளத்தின் நிலை ஆகிய நிமித்தங்களைச் சார்ந்தே என்று நம் ஆகமம் கூறுகிறது. தக்க நிமித்தத்தைத் தேடிக்கொள்ளுதல் வினைக் கொள்கைக்கு மாறானதன்று. முயற்சியை விலக்கி, எல்லாம் விதி என்று கிடப்பதே மாறானது.

இரண்டாவது: கண் மங்கினால் காட்சியும் மங்குமோ என்னும் அச்சம். 'தரிசனம்' என்னும் ஒரே சொல் இரண்டு இடங்களில் வருவதால் நேரும் மயக்கம் இது. எண்வினைகளுள் தரிசனாவரணீயம் ஒன்பது வகைப்படும். அவற்றுள் சக்ஷு தரிசனாவரணம் கண்வழிப் பொதுக்காட்சியை மறைப்பது. வாயிற்காவலன் அரசனைக் காணவொட்டாமல் தடுப்பதை இதற்கு உவமையாகக் கூறுவர். ஆனால் மும்மணிகளுள் முதலதாகிய நற்காட்சியைத் தடுப்பது தரிசன மோகனீயம் என்னும் வேறொரு வினை. ஆகவே கண்ணொளி இழந்தோரும் நற்காட்சி பெறலாம். கூரிய கண்ணுடையோரும் மித்தியாத்துவத்தில் உழலலாம். முதுமையில் பார்வை குறைந்தோர் இதை மனத்தில் இருத்தி ஆறுதல் கொள்ளல் வேண்டும்.

காண்பதும் காப்பதும்

அங்ஙனமாயின் கண்ணைப் பேணுதல் எதற்கு? அகிம்சைக்காக.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கு ஊறு நேராதவாறு அடி வைத்தல் அது. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்தல் ஆதான நிக்ஷேபண சமிதி. இல்லறத்தார் முனிவரைப் போல் முழுமையாக ஒழுக இயலாதெனினும், இயன்ற அளவில் அவ்வழியில் நிற்பவரே. அரிசியில் உள்ள வண்டைக் காணுதல், கீரையின் அடியில் ஒட்டிய புழுவைக் காணுதல், நீர் வடிகட்டும் துணியில் கிழிசல் உள்ளதா என நோக்குதல், கதிரவன் மறையுமுன் உண்ணும் உணவில் ஏதேனும் விழுந்துள்ளதா என ஆராய்தல் ஆகிய அனைத்தும் கண்ணைக் கொண்டே நிகழ்கின்றன. நம் வீட்டுப் பெண்டிரின் அகிம்சை பெரும்பாலும் முறத்தின் முன்னே நிகழ்வது. அங்குக் கண்ணே காவல்.

உயிருக்கு ஊறு நேர்வதில் அசட்டை, சோம்பல், மறதி ஆகிய பிரமாதம் கலந்திருப்பதே இம்சையின் வேர் என்பது ஆகமக் கருத்து. கண் மங்கியதை அறிந்தும், செலவுக்கு அஞ்சியோ, முதுமை வெளிப்படும் என நாணியோ, நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோ, மங்கிய கண்ணுடன் முறத்தைப் புடைத்தல் பிரமாதம் அன்றோ?

இருபதாம் நூற்றாண்டில் திகம்பர முனிமரபு மீண்டும் தழைக்கக் காரணமாயிருந்தவர் ஆசாரிய சாந்திசாகரர். 1955ஆம் ஆண்டு அவர் குந்தலகிரியில் சல்லேகனை ஏற்று உடல் நீத்தார். பார்வை மங்கியமையால், உயிர்களுக்கு ஊறு நேராமல் முனிவிரதத்தைக் காக்க இயலாது என்று கண்டே அம்முடிவுக்கு வந்தார். பார்வையை அவர் எதற்காக மதித்தார் என்பதை நாம் உணர வேண்டும். அவர் விரதத்தைக் காக்க உடலையே விட்டார். நமக்கோ, நம் சிறு விரதங்களைக் காக்க, மருத்துவரிடம் ஒரு பகல் சென்று வந்தாலே போதும். அதையும் செய்யாமல் இருப்பதற்கு என்ன காரணம் கூறுவோம்?

மூக்குக்கண்ணாடி பரிக்கிரகம் ஆகாதா என்றும் சிலர் கேட்பர். முற்றும் துறந்த முனிவரிடமும் மூன்று உபகரணங்கள் உண்டு: உயிர் காக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்துக்கு நூல். பற்றினால் கொள்ளும் பொருள் வேறு. அறத்துக்குத் துணையாகக் கொள்ளும் கருவி வேறு. சிராவகருக்கு மூக்குக்கண்ணாடி உயிர் காக்கவும் நூல் ஓதவும் உதவுவது. தேவைக்கு மேல் ஐந்தாறு சேர்த்து வைத்தால் அப்போது அது பரிக்கிரகம்.

ஒரே வட்டத்தில் பல பார்வை

தொலைவுக்கு ஒன்றும் படிப்புக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணியும் தொல்லை பழையது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785ஆம் ஆண்டு தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இருவகை வில்லைகளையும் பாதியாக வெட்டி ஒரே வட்டத்தில் பொருத்தி அணிந்ததை விவரித்துள்ளார். கண்ணை மேலும் கீழும் அசைத்தாலே இரண்டு தொலைவும் தெளிவாயின. நம் கடைகளில் பைஃபோகல் என வழங்குவது இதன் வழிவந்ததே. மேற்பகுதி தொலைவுக்கு, கீழே சிறு பிறை போன்ற பகுதி படிப்புக்கு. இடையிலே கோடு தெரியும்.

ஆனால் தொலைவும் அண்மையும் மட்டுமா உலகம்? கைநீட்டும் தூரத்தில் உள்ள அடுப்பு, தையற்பொறி, எதிரே அமர்ந்தவர் முகம் ஆகியவை இடைத்தூரத்தில் உள்ளன. பிரான்சு நாட்டுப் பொறியாளர் பெர்னார் மெய்ட்டெனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் என்னும் வில்லை 1959இல் விற்பனைக்கு வந்தது. அதில் கோடு இல்லை. மேலிருந்து கீழாக ஆற்றல் சிறிது சிறிதாகக் கூடிச் செல்லும். மேலே தொலைவு, நடுவே இடைத்தூரம், கீழே படிப்பு. இவ்வகையைக் கடைக்காரர் மல்டிஃபோகல் என்றும் புரோகிரசிவ் என்றும் கூறுவர். மூன்று பகுதிகளையும் இணைக்கும் நடுவழி மிகக் குறுகியது; அதன் இருபுறமும் கீழ்ப்பக்க ஓரங்களில் மங்கலும் நெளிவும் இருக்கும். விலை உயர்ந்த வில்லையில் தெளிவான பரப்பு சற்று அகலும். மங்கல் முற்றும் நீங்குவதில்லை.

நயவாதத்தை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய கருவி நமக்குக் கிடைத்ததில்லை. வில்லையின் கீழ்ப்பகுதி ஏட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அது பொய் கூறவில்லை. ஆனால் உலகனைத்தையும் என் வழியாகவே காண்க என்று அது பிடிவாதம் செய்யுமானால், படியில் நம்மை உருட்டிவிடும். ஒரு நயம் தனக்குரிய இடத்தில் மெய். பிற நயங்களை மறுக்கும்போது அது துர்நயம். உவமை இவ்வளவில் நிற்கும். எத்தனை பகுதிகள் கொண்ட வில்லையாயினும் ஓரத்தில் மங்கல் உண்டு. ஓரமே இல்லாத காட்சி கேவல ஞானிக்கே உரியது.

எந்த முழத்துக்கு எந்தப் பகுதி?

இனி, நம் தலைப்புக்கு வருவோம். படிப்புக்கான கீழ்ப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவுக்கு, அதாவது ஒரு முழ அளவுக்கு, அமைக்கப்படுவது. ஈரியா சமிதி நான்கு முழ நிலத்தை நோக்கச் சொல்கிறது. நிற்கும்போது நம் பாதமே கண்ணிலிருந்து மூன்று முழத்துக்கு மேல் தள்ளியுள்ளது. தலையைத் தாழ்த்தாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தரையைப் பார்த்தால், ஒரு முழத்துக்கு அமைந்த பகுதியின் வழியாக மூன்று நான்கு முழத்தைப் பார்க்கிறோம். தரை மங்கும், படியின் விளிம்பு மறையும், ஆழம் தவறாகத் தோன்றும். அடியின் கீழ் எறும்பு வரிசை இருந்தாலும் தெரியாது. படி முடிந்ததும் தெரியாது. பிற உயிருக்கும் ஊறு, நமக்கும் ஊறு.

இது வெறும் ஊகமன்று. ஆஸ்திரேலியாவில் மல்டிஃபோகல் அணியும் 606 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. வெளியில் நடக்கும்போது அணியத் தொலைவுக்கு மட்டும் உரிய தனிக்கண்ணாடி பெற்றவர்களுள், அடிக்கடி வெளியே செல்லும் வழக்கமுடையோர் விழுவது குறைந்தது. வெளியே அதிகம் செல்லாதவர்க்கோ அந்த மாற்றம் நன்மை தரவில்லை. அவர்கள் வெளியில் விழுவது கூடிற்று. ஒருவருக்கு மருந்தாவது மற்றவர்க்கு அவ்வாறு ஆகாது என்பதும் இதனால் விளங்கும். அவரவர் நடமாட்டத்தை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

பொன்னூர்மலையிலும் திருமலையிலும் படியேறும் நம் மூத்தோரை நினைத்துப் பாருங்கள். கருங்கற்படியில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் ஆலய தரிசனம் ஏது, சாமாயிகத்தில் அமர்தல் ஏது? ஆகவே மல்டிஃபோகலோ பைஃபோகலோ அணிந்தவர் படியில் இறங்கும்போது மோவாயை மார்பின் பக்கம் தாழ்த்தி, வில்லையின் மேற்பகுதி வழியாகப் படியை நோக்குக. கைப்பிடிச் சுவரைப் பற்றுக. மலை யாத்திரை செல்வோர் தொலைவுக்கு மட்டும் உரிய கண்ணாடி ஒன்றை வைத்திருப்பது பற்றி மருத்துவரைக் கேட்டறிக.

தேர்ந்து கொள்ளும் முறை

முதலாவதாக, கடைக்குச் செல்லுமுன் கண் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். திருவிழாக் கடையில் அடுக்கிய ஆயத்தக் கண்ணாடியில் இரண்டு வில்லைக்கும் ஒரே ஆற்றல். நம் இரண்டு கண்களும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. மேலும், கண்ணழுத்த நோய் வலியின்றிப் பார்வையைக் களவாடுவது. சோதனையில்தான் அது அகப்படும். கண்புரை வளர்ந்திருந்தால் எந்தக் கண்ணாடியும் முழுப் பயன் தராது. சர்க்கரை நோயுடையோர், சர்க்கரை அளவு ஏறி இறங்கும் நாட்களில் அளவெடுத்தால் அது நிலைக்காது. கட்டுக்குள் வந்தபின் எடுத்தல் நலம்.

இரண்டாவதாக, தம் நாளைத் தாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கரும்பலகையையும் வருகைப் பதிவேட்டையும் மாறி மாறி நோக்கும் ஆசிரியர், கணக்கேட்டையும் வாடிக்கையாளர் முகத்தையும் நோக்கும் வணிகர், நூலைப் படித்துக்கொண்டே எதிரே அமர்ந்தோரைப் பார்த்துச் சுவாத்தியாயம் நடத்துவோர் ஆகியோர்க்கு மல்டிஃபோகல் மிகவும் பயன்படும். பைஃபோகலில் பல்லாண்டு பழகி நிறைவாக இருப்போர் புதுமைக்காக மாற வேண்டுவதில்லை. தலைச்சுற்றல், கழுத்து நோய், முன்பு விழுந்த வரலாறு, இரு கண்களின் ஆற்றலில் பெரிய வேற்றுமை உடையோர்க்குத் தனித்தனிக் கண்ணாடியே ஏற்றதாகலாம். மருத்துவரிடம் இவற்றை மறையாது கூறுக.

மூன்றாவதாக, அளவு. கண்மணியிலிருந்து மூக்கின் நடுவரை உள்ள தூரத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக அளத்தல் வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த சட்டத்தை முகத்தில் பொருத்தி, கண்மணி நிற்கும் உயரத்தைக் குறித்தல் வேண்டும். சட்டம் மிகக் குறுகியதானால் படிப்புப் பகுதி வெட்டுண்டு போகும். இவ்வளவுகளை எடுக்காமல் மல்டிஃபோகல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்.

நான்காவதாக, பொருள். முற்காலத்தில் ஆமையோட்டினால் சட்டம் செய்தனர்; விலங்கின் கொம்பினால் செய்வதும் உண்டு. தோலுறையும் கடையில் தருவர். உயிர் காக்க அணியும் கருவியை ஓர் உயிரின் உடலிலிருந்து பெறுதல் முறையோ? உலோகச் சட்டமும் துணியுறையும் கேட்டு வாங்குக. விலையிலும் பரிமாணம் கொள்க. மிக மலிவானது கண்ணைத் துன்புறுத்தும். மிக உயர்ந்தது பெருமைக்கே உதவும். சோதனை செய்தவர் கூறும் தேவை எதுவோ அதுவே அளவு.

பழகும் முறை

புதிய மல்டிஃபோகல் அணிந்த முதல் நாட்களில் தரை மிதப்பது போலவும், பக்கவாட்டுப் பொருள்கள் ஆடுவது போலவும் தோன்றும். பலர் இதனால் வெருண்டு, கண்ணாடியைப் பேழையில் பூட்டிவிட்டு, பணம் வீணாயிற்று என்பர். பெரும்பாலோர்க்குச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் இது அடங்கும். அதற்குச் சில நெறிகள் உண்டு.

காலையில் எழுந்தது முதல் அணிக. பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி அணிந்தால் மூளை எதனையும் பழகாது. முதலில் வீட்டில் அமர்ந்து பழகி, பின் நடந்து, அதன்பின் தெருவுக்குச் செல்க. பக்கத்தில் உள்ளதைக் காணக் கண்ணைத் திருப்பாமல் முகத்தையே திருப்புக. படிக்கும்போது தலையைக் குனியாமல் கண்ணைத் தாழ்த்துக. நூலை ஓரிரு விரல் மேலும் கீழும் நகர்த்தினால் தெளிவான இடம் தானே அகப்படும். சட்டம் மூக்கில் வழுக்கி இறங்கினால் பகுதிகள் இடம் மாறிவிடும். கடையில் இறுக்கித் தரச் சொல்லுக. இவ்வளவும் செய்தபின்னும் மூன்று வாரம் கடந்து தலைவலியோ மயக்கமோ தொடர்ந்தால், பொறுமையென்று கருதித் தாங்காமல் மீண்டும் சென்று அளவைச் சரிபார்க்கச் செய்க. தவறாக அமைந்த வில்லையைப் பொறுத்துக்கொள்ளுதல் தவமாகாது.

சாமாயிகத்தில் முதன்முதல் அமர்ந்தபோது நாம் அனைவரும் பட்ட பாட்டை நினைவுகூர்க. கால் மரத்தது, மனம் ஓடியது. அன்றே விட்டிருந்தால் இன்று அது நமக்கு இல்லை. அப்பியாசம் அங்கும் இங்கும் ஒன்றே.

இல்லத்தாரின் கடமை

நற்காட்சிக்கு எட்டு அங்கங்கள். அவற்றுள் ஸ்திதிகரணம், நெறியினின்று நழுவுவோரைத் தாங்கி நிலைநிறுத்துதல். ஒரு மூதாட்டி சுவாத்தியாயத்துக்கு வருவதை மெல்ல மெல்ல நிறுத்துகிறார். கேட்டால், உடம்பு முடியவில்லை என்கிறார். உண்மையில் எழுத்து தெரியவில்லை. பிறர் முன் தடுமாற நாணம். பிள்ளைகளிடம் செலவு சொல்லத் தயக்கம். இப்படி ஒதுங்கியவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர் நழுவியது பக்திக் குறைவால் அன்று, கண் மங்கியதால். அவரைக் கைப்பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகனோ, மருமகளோ, பெயர்த்தியோ செய்வது ஸ்திதிகரணம். அதுவே வையாவிருத்தியம் என்னும் தொண்டும் ஆகும்.

ஆதலின் இளையோரே, ஊருக்குச் செல்லும்போது உங்கள் ஆயாவிடமும் தாத்தாவிடமும் நலம் கேட்பதோடு நில்லாமல், ஒரு நூலை அவர் கையில் கொடுத்து, ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டப் பிடிக்கிறாரா, விளக்கின் கீழ் நகர்கிறாரா, மனப்பாடத்தால் சமாளிக்கிறாரா என்று நோக்குங்கள். நம் தலைமுறையினர் துதிகளை மனப்பாடம் செய்தவர்கள். கண் தெரியாததை நாவால் மறைக்க வல்லவர்கள். புதிய கண்ணாடி வந்தபின் பத்து நாட்களுக்கேனும் படியில் உடன் இறங்குங்கள்.

மூத்தோரே, நீங்களும் வாய் திறந்து கூறுங்கள். கண் தெரியவில்லை என்று சொல்வதில் இழிவில்லை. ஒரு முழத் தொலைவில் ஆகமத்தின் எழுத்து தெரியட்டும். நான்கு முழத் தொலைவில் எறும்பின் வரிசை தெரியட்டும். இவ்விரண்டும் தெரியும் நாள்வரை நம் நோன்பு நடக்கும். அதற்கு அப்பாலுள்ளதைக் காண வேண்டிய கண் வேறு. அதை மும்மணி நெறியில் நின்று ஒவ்வோர் உயிரும் தானே திறந்துகொள்ள வேண்டும்.

அகிம்சை வளர்க! அறநெறி ஓங்குக!